அந்த மஞ்சள் வளையம் எதற்கு? ரிக் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரிக் செய்யும் நண்பர்களுக்கு,

ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு ரிக் செய்பவர்கள், வீட்டில் பிளெண்டரை இறக்கிக்கொண்டு வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்பவர்கள், கல்லூரிக் கடைசி வருட புராஜெக்டுக்காக நாலு பேர் சேர்ந்து ஒரு கதாபாத்திரத்தை நடக்க வைக்கப் போராடுகிறவர்கள் என்று எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் அனிமேட்டர். நீங்கள் முடித்து அனுப்பும் பொம்மையைப் பிடித்து ஆட்டுவது என் பிழைப்பு.

உங்கள் ரிக் வேலை செய்யவில்லை என்று சண்டைக்கு வரவில்லை. முழங்கை ஒழுங்காக மடங்குகிறது, தோள்பட்டை நசுங்காமல் திரும்புகிறது, ஐகேயிலிருந்து எஃப்கேக்கு மாற்றினால் கை துள்ளுவதில்லை. இதற்கெல்லாம் எத்தனை ராத்திரி போயிருக்கும் என்று தெரியும். என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. கோப்பைத் திறந்ததும் கதாபாத்திரத்தைச் சுற்றிக் கிடக்கிற அந்தக் கோடுகள், வட்டங்கள், அவற்றின் நிறம், தடிமன், அளவு. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

தொழிலுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக நாலு வரி. கணினியில் உருவாக்கிய கதாபாத்திரம் முதலில் அசையாது. அதற்குள் எலும்புக்கூடு வைத்து, எந்த எலும்பு அசைந்தால் எந்தத் தோல் எவ்வளவு நகர வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது ரிக்கிங். அனிமேட்டர் அந்த எலும்புகளை நேராகத் தொடுவதில்லை. உடலைச் சுற்றி வளையம், கட்டம், அம்பு என்று சில உருவங்கள் மிதக்கும், அவைதான் கண்ட்ரோல்கள். ஒன்றைப் பிடித்து இழுத்தால் கை வரும், இன்னொன்றைத் திருப்பினால் தலை திரும்பும். நுனியை இழுத்தால் மொத்தக் கையும் தொடர்ந்து வருவது ஐகே, மூட்டு மூட்டாகத் திருப்புவது எஃப்கே. படத்தில் இவை தெரியாது.

தெரியாது என்பதில்தான் வினையே இருக்கிறது. இயக்குநர் இதைப் பார்ப்பதில்லை, கிளையண்ட் பார்ப்பதில்லை, தியேட்டரில் யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால் டெட்லைன் நெருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது கண்ட்ரோல்களின் தோற்றம். “கலர் அப்புறம் போட்டுக்கலாம்” என்று வைத்த கண்ட்ரோல், கலர் இல்லாமலே ஷாட்டுக்குள் போய்விடுகிறது. ஷாட்டுகள் ஆரம்பித்த பிறகு ரிக்கில் கைவைக்க யாருக்கும் தைரியம் வராது. கடைசிவரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது நாங்கள் மட்டும்தான்.

வெளியிலிருந்து வந்த ஒரு நாய் ரிக் நினைவுக்கு வருகிறது. எங்கிருந்து என்று கேட்காதீர்கள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை எல்லாமே மஞ்சள், எல்லாமே வட்டம். முதுகுத்தண்டில் மட்டும் ஐகேக்கு ஒரு வரிசை, எஃப்கேக்கு ஒரு வரிசை, நுண்திருத்தத்துக்கு ஒரு வரிசை; மூன்றும் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே அளவில். புதிதாகக் குடிபோன வீட்டின் சுவிட்ச் போர்டு மாதிரி, ஃபேனுக்கென்று தட்டினால் வெளிவாசல் விளக்கு எரிந்தது. வீட்டிலாவது இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். எங்களுக்கு அடுத்த வாரம் வேறு கதாபாத்திரம், வேறு ரிக். அந்த நாய் ஓடுவது படத்தில் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் ஓட வைத்த நேரத்தைவிட, எந்த மஞ்சள் எதற்கு என்று தேடிய நேரம்தான் அதிகம்.

முதலில் வடிவத்தைப் பேசிவிடுகிறேன்.

பிளெண்டரில் புதிதாக ஓர் எலும்பு போட்டால் அது இரு முனையும் கூம்பிய எண்முகியாக வரும். குச்சி, பெட்டி, கம்பி என்று வேறு காட்சி வகைகளும் உண்டு. இவையெல்லாம் உங்களுக்கானவை, எலும்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ரிக்கருக்குத்தான் தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது கஸ்டம் ஷேப். போஸ் மோடில் எலும்பைத் தேர்ந்து, அதன் பண்புகளில் வியூபோர்ட் டிஸ்ப்ளே பகுதிக்குப் போனால் எந்தப் பொருளை வேண்டுமானாலும் அந்த எலும்பின் முகமாக மாட்டலாம். மாயாவில் இதே வேலையை நர்ப்ஸ் வளைகோடுகள் செய்கின்றன. அங்கே வளைகோடே கண்ட்ரோல் என்பதால், எப்படியும் ஒரு வடிவம் வரைந்தே ஆக வேண்டும். பிளெண்டரில் வரையாமலும் தப்பிக்கலாம். பலர் தப்பிக்கிறார்கள்.

வடிவம் ஒரு வினைச்சொல்லைச் சொல்ல வேண்டும். வளையம் என்றால் திருப்பு. கட்டம் என்றால் நகர்த்து. காலடியில் நாலு பக்கமும் அம்பு வைத்த பெரிய வட்டம் இருந்தால் அது மொத்த உருவத்தையும் தூக்கிப்போகும் ரூட். பல்சக்கரம் என்றால் உள்ளே செட்டிங் இருக்கிறது. இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனாலும் ஸ்டுடியோ மாறினாலும் மென்பொருள் மாறினாலும் அனிமேட்டரின் கை இதைத்தான் எதிர்பார்க்கிறது. பிளெண்டரோடு சேர்ந்தே வரும் ரிஜிஃபையும் பெரும்பாலும் இந்த வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறது. கை கால்களின் மேல்முனையில் அது வைக்கும் பல்சக்கரத்தைப் பிடித்தால் ஐகே-எஃப்கே மாற்றும் ஸ்லைடர் கிடைக்கும். வித்தியாசமாக இருக்கட்டும் என்று ரூட்டுக்கு நட்சத்திரமும் இடுப்புக்கு இதயமும் வைத்த ரிக்கையும் பார்த்திருக்கிறேன். நாலாவது ஷாட்டில் சிரிப்பு வரவில்லை.

முழங்காலை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரே அச்சில்தான் மடங்கும் என்று மற்ற அச்சுகளைப் பூட்டியிருக்கிறீர்கள். நல்லது. அப்புறம் ஏன் முழு வளையம்? முழு வளையத்தைப் பார்த்தால் எந்தப் பக்கமும் திருப்பலாம் என்றுதான் தோன்றும். மடங்கும் திசையில் ஒரு வில், இரு முனையிலும் சின்ன அம்பு. அவ்வளவு போதும், எந்தப் பூட்டையும் நான் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

வளையம் என்றதும் புதிதாகக் கற்பவர்கள் தலையைச் சொறிகிற இடம் ஒன்று உண்டு. பிளெண்டரில் ஒரு மெஷ் வட்டத்தைச் சேர்த்தால் அது தரையில் படுத்திருக்கும். எலும்போ தன் ஒய் அச்சின் வழியாக நீள்கிறது. அந்த வட்டத்தை அப்படியே முன்கை எலும்புக்கு மாட்டினால், வளையம் கையைச் சுற்றி நிற்காமல் கையை நீளவாக்கில் பிளந்தபடி நிற்கும். வட்டத்தை ஆப்ஜெக்ட் மோடில் திருப்பிப் பார்ப்பார்கள், ஒன்றும் நடக்காது. கஸ்டம் ஷேப்புக்கு வேண்டியது உள்ளே இருக்கும் மெஷ் மட்டும்தான். அந்தப் பொருள் காட்சியில் எங்கே, எப்படித் திரும்பி நிற்கிறது என்று அது பார்ப்பதில்லை. எடிட் மோடுக்குள் போய் எல்லாப் புள்ளிகளையும் தேர்ந்து எக்ஸ் அச்சில் 90 பாகை திருப்பினால் வளையம் காப்பு போட்ட மாதிரி கையில் உட்காரும்.

உட்கார்ந்தால் மட்டும் போதாது. எலும்பின் நீளத்துக்கு ஏற்ப விட்ஜெட், அதாவது எலும்புக்கு மாட்டிய வடிவம், பெரிதாகும் வசதி முதலிலேயே இயங்கிக்கொண்டிருக்கும். அதனால் ஒரே வளையத்தைத் தொடைக்கும் விரலுக்கும் கொடுக்கலாம், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் தொடையின் நீளத்துக்கும் பருமனுக்கும் என்ன சம்பந்தம்? ஒல்லிக் கதாபாத்திரத்தில் வளையம் ஒரு முழம் தள்ளி நிற்கும். குண்டான ஆளுக்குத் தோலுக்குள் புதைந்துபோகும். உடுப்பு மாட்டிய பிறகு நிலைமை இன்னும் மோசம். பாவாடை கட்டிய சிறுமியின் முழங்கால் கண்ட்ரோல் பாவாடைக்குள்ளே கிடந்தால் நான் எப்படிப் பிடிப்பேன்? அளவையும் இடத்தையும் கோணத்தையும் ஒவ்வொரு எலும்புக்கும் தனித்தனியாக மாற்ற எண்கள் அங்கேயே இருக்கின்றன. சலிப்பான வேலைதான், அரை நாள் பிடிக்கும். அந்த அரை நாளைத்தான் கேட்கிறேன்.

விட்ஜெட்டின் மெஷ்ஷில் பரப்புகள் இருந்தால் அது கெட்டியாகத் தெரிந்து பின்னால் இருப்பதை மறைக்கும். விளிம்பு மட்டும் இருந்தால் கம்பியாகத் தெரியும், பின்னால் இருப்பதும் தெரியும். பெரும்பாலானவர்கள் கம்பியையே விரும்புகிறார்கள், நானும்தான். ஆனால் கம்பியைப் பிடிக்கக் கோட்டின் மேலேயே கிளிக் செய்ய வேண்டும். 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், கை ஓர் இலக்கை எட்ட எடுத்துக்கொள்ளும் நேரத்தை அதன் தூரத்தோடும் அகலத்தோடும் இணைத்து ஒரு சூத்திரம் தந்தார். தூரம் கூடினாலும் அகலம் குறைந்தாலும் நேரம் கூடும். திரை இடைமுகம் வடிவமைப்பவர்கள் இன்றும் அதைத்தான் ஓதுகிறார்கள். 4கே திரையில் மயிரிழைக் கோடாகத் தெரியும் கண்ணிமைக் கண்ட்ரோலை ஒரு நாளில் நூறு தடவை பிடிப்பவருக்கு ஃபிட்ஸைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை, மணிக்கட்டு சொல்லிவிடும். விரல், இமை, உதட்டோரம் மாதிரி நெருக்கமான இடங்களில் கம்பி வட்டம் வேண்டாம். தோலிலிருந்து ஒரு சின்னத் தண்டு, அதன் நுனியில் கெட்டியான ஒரு மணி. மணி சிறிதாகவே இருக்கட்டும், ஆனால் முழுப் பரப்பும் கிளிக்கை வாங்கும். பத்து விரலும் மடங்கி முஷ்டியானாலும் தண்டுகள் விரிந்து நிற்பதால் ஒன்றை ஒன்று மறைக்காது.

கண்ட்ரோல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் ஆல்ட்டை அழுத்திக் கிளிக் செய்து, அடியில் இருப்பவற்றின் பட்டியலைப் பார்க்கலாம். அங்கே ‘போன்.014’, ‘போன்.015’ என்று வந்தால் என்ன செய்வது? இத்தோடு பெயர் விஷயத்தை விட்டுவிடுகிறேன். அது தனி மடல்.

இனி நிறம். இங்கேதான் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

மாயா ரிக்குகளில் பரவலாகப் புழங்கும் வழக்கம்: இடது நீலம், வலது சிவப்பு, நடுவில் மஞ்சள். இடது வலது என்பது கதாபாத்திரத்தின் இடது வலது. கப்பலிலும் விமானத்திலும் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. கப்பல் வேலையை விட்டுவிட்டு யாராவது அனிமேஷனுக்கு வந்தால் முதல் மாதம் பாடுதான். ரிஜிஃபை வேறு வழியில் போகிறது. அது பக்கத்தைப் பார்க்காமல் பணியைப் பார்க்கிறது: ஐகேக்குச் சிவப்பு, எஃப்கேக்குப் பச்சை, நுண்திருத்தத்துக்கு நீலம், தனிவகைக்கு மஞ்சள்.

என் ஓட்டு பக்கத்துக்கு. காரணம் சொல்கிறேன். உடலுக்குப் பின்னால் இருக்கும் கண்ட்ரோலும் தெரியட்டும் என்று ‘இன் ஃபிரண்ட்’ என்ற வசதியைப் போட்டு வைப்போம். பக்கவாட்டிலிருந்து ஒரு நடையைச் செய்யும்போது இரண்டு கால்களின் கண்ட்ரோல்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அந்த நேரத்தில் எனக்குத் தெரிய வேண்டியது எது இடது, எது வலது. ஐகேயும் எஃப்கேயும் ஒரே காலில் ஒரே நேரத்தில் கண்முன் இருக்க வேண்டிய தேவை எப்போதோதான் வரும்; வந்தாலும் வடிவமே சொல்லிவிடும். ஆகவே பக்கத்துக்கு நிறம், பணிக்கு வடிவம். அதற்குமேலும் பிரிக்க வேண்டுமானால் அதே நிறத்தில் அடர்ந்தது முதன்மை, வெளிறியது துணை. நாலு கால் பிராணி என்றால் முன்கால் பின்கால் வேறுபாடும் வேண்டும், அங்கே இந்த ஏற்பாடு கொஞ்சம் திணறும் என்று ஒத்துக்கொள்கிறேன்.

சிவப்பு-பச்சை ஜோடியில் இன்னொரு சங்கடம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாட்டில் குறை உண்டு. காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களில் அது அரை சதவீதம்தான். நம்மிடையே விகிதம் குறைவு. குறைவு என்பதால் யாரும் இல்லை என்று ஆகிவிடாது. என்னோடு வேலை பார்த்த ஒரு நல்ல அனிமேட்டருக்கு அந்தக் குறை இருந்தது. வேலைக்கு உலை வைத்துவிடுமோ என்று லீடிடம்கூடச் சொல்லவில்லை. ஐகே கையையும் எஃப்கே கையையும் அவர் பார்த்துப் பிரிக்க மாட்டார். ஒன்றைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பார், தோள்வரை தொடர்ந்து வந்தால் ஐகே. வராவிட்டால் கண்ட்ரோல்-இசட் போட்டு அடுத்ததைத் தொடுவார். இதைத் தினமும் செய்துகொண்டிருந்தார். இணையப் பக்கங்களுக்கான அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி, நிறத்தை மட்டும் நம்பி எதையும் தெரிவிக்கக் கூடாது என்கிறது. 2018இல் வந்த அதன் 2.1 பதிப்பு, பொத்தான் மாதிரியான உறுப்புகள் பக்கத்து நிறத்திலிருந்து குறைந்தது 3-க்கு 1 என்ற ஒளி விகிதத்தில் வேறுபட வேண்டும் என்றும் கேட்கிறது. ரிக்குகளுக்கு அது கட்டாயமில்லை. ஆனால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? அதிலும் இடது வலது பிரிந்து தெரிந்தால் தேறிவிட்டீர்கள்.

இதைச் சத்தமில்லாமல் சரியாகச் செய்திருக்கும் ஓர் இடம் பிளெண்டரிலேயே இருக்கிறது: டோப் ஷீட். ஒரு கீயை பிரேக்டவுன் என்றோ எக்ஸ்ட்ரீம் என்றோ குறித்தால் நிறம் மாறுவதோடு அதைக் காட்டும் சின்ன வைரத்தின் அளவும் மாறும். எக்ஸ்ட்ரீம் பெரிது, பிரேக்டவுன் சிறிது. நிறம் தெரியாதவரும் வரிசையைப் பார்த்தே தாளத்தைப் படித்துவிடலாம்.

நிறத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பது அடுத்தது. பிளெண்டர் 3.6 வரை எலும்புகளைக் குழுவாகச் சேர்த்துக் குழுவுக்கு நிறம் கொடுத்தோம். 2023 நவம்பரில் வந்த 4.0 பதிப்பில் எலும்புக் குழுக்கள் போய், நிறம் நேரடியாக எலும்புக்கே வந்துவிட்டது. கொடுக்க இரண்டு வழி. ஒன்று, தீமில் உள்ள 20 நிறத் தொகுப்புகளில் ஒன்றைக் காட்டுவது. மற்றது, கஸ்டம் என்று போட்டு நீங்களே நிறம் கலப்பது. இரண்டும் உங்கள் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். என் திரையில் தெரியாது. தொகுப்பு எண்ணைக் கொடுத்தால் கோப்பில் பதிவது அந்த எண் மட்டுமே. நிறம் என் கணினியில், என் தீமிலிருந்து எடுக்கப்படும். கஸ்டம் என்றால் நீங்கள் கலந்த நிறமே கோப்போடு பயணம் செய்யும்.

கஸ்டம்தான் பாதுகாப்பு என்று பல ரிக்கர்கள் நினைக்கிறார்கள். அனிமேட்டர் என்ன தீம் வைத்திருந்தாலும் நான் நினைத்த நீலம் நீலமாகவே தெரியுமல்லவா என்பது வாதம். நான் இதை ஏற்கவில்லை. மேலே சொன்ன நண்பர், தொகுப்பு எண் கொடுத்த ரிக்காக இருந்தால் தன் பிரிஃபரன்ஸில் அந்தப் பச்சையை வெளிர் மஞ்சளாக மாற்றிக்கொண்டிருப்பார். கோப்பைத் தொட வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம், காரணம் சொல்லவும் வேண்டாம். ஒருமுறை மாற்றினால் அந்த எண்ணைப் பயன்படுத்தும் எல்லா ரிக்கிலும் மாறும். கஸ்டம் நிறம் அந்தச் சாவியை அவர் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறது. ஸ்டுடியோவுக்குள் எல்லோருக்கும் ஒரே தோற்றம் வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு: தீம் என்பது ஓர் எக்ஸ்எம்எல் கோப்புதான், ரிக்கோடு அதையும் அனுப்புங்கள்; வேண்டியவர் நிறுவிக்கொள்வார். தொகுப்பு எண்களைப் பக்கவாரியாகவும் பணிவாரியாகவும் நிலையாக வைத்துக்கொண்டு, மிக அபூர்வமான கண்ட்ரோலுக்கு மட்டும் கஸ்டம் போடுங்கள்.

கஸ்டம் போடும்போது இன்னொன்று. ஒரு தொகுப்பில் மூன்று நிறங்கள்: சாதா நிலை, தேர்ந்த நிலை, தேர்ந்தவற்றுள் இயங்கும் ஒன்று. சாதா நிறத்தைப் பார்த்துப் பார்த்து வைத்துவிட்டு மற்ற இரண்டை அம்போவென்று விட்டுவிடுகிறீர்கள். எது பிடிபட்டிருக்கிறது என்று தெரியாத ரிக்கில் இடுப்புக்குப் போட வேண்டிய கீயை மார்புக்குப் போட்டுவிட்டு, பிளேபிளாஸ்ட் பார்க்கும்போதுதான் தெரியவரும். இந்த இரண்டு நிறங்களும் எல்லாத் தொகுப்பிலும் ஒரே மாதிரி இருப்பது நல்லது. தேர்ந்தது என்றால் வெள்ளைக்கு அருகே என்று கண் பழகிவிட்டால் போதும்.

தீம் என்றதும் மென்பொருளின் மொத்தத் தோற்றமும் வந்துவிடுகிறது. 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பில் பிளெண்டரின் இடைமுகம் அடர்சாம்பலுக்கு மாறியது. போட்டோஷாப் 2012லேயே சிஎஸ்6-இல் மாறியிருந்தது. இது ஃபேஷன் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. சுற்றியுள்ள நிறம் நடுவில் இருக்கும் நிறத்தைக் கண்ணுக்கு மாற்றிக் காட்டும். சாயமில்லாத சாம்பல் அந்தத் தொந்தரவை மிகக் குறைவாகத் தரும். அதோடு, இருட்டறையில் வேலை செய்யும் லைட்டிங் ஆட்களுக்கு வெள்ளைப் பின்னணி கண்ணில் குத்தும். ஆனால் ஜன்னலோர சீட்டில், தலைக்குமேல் டியூப்லைட்டோடு உட்கார்ந்திருக்கும் அனிமேட்டருக்கு அடர்சாம்பலில் பாதி தெரியாது. அவர் வெளிர் தீமுக்கு மாறியிருப்பார். 2024 ஜூலையில் 4.2 பதிப்போடு வந்த எக்ஸ்டென்ஷன் தளத்தில் ஆட்-ஆன்களோடு தீம்களும் கிடைக்கின்றன, ஆளுக்கொன்றை மாட்டியிருக்கிறார்கள். மாயாவில் ஆல்ட்-பி அழுத்தினாலே வியூபோர்ட்டின் பின்னணி மாறிவிடும். நீங்கள் வைத்த அடர் ஊதா உங்கள் பின்னணியில் அழகு. அவர் திரையில் அது இருக்கிறதா என்பதே சந்தேகம். பிளெண்டரோடு வரும் அடர், வெளிர் தீம்கள் இரண்டிலும் ஒருமுறை திறந்து பாருங்கள். கதாபாத்திரத்தின் சட்டை நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள். சிவப்புச் சட்டையின் மேல் சிவப்பு வளையம் வைத்து அனுப்பும் ரிக்குகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

பக்கவாட்டுப் பேனலைப் பற்றிச் சுருக்கமாக. எலும்புகளுக்கு 32 லேயர்கள், ஒன்றுக்கும் பெயர் கிடையாது என்றிருந்த காலத்தில், பெயர் போட்ட பொத்தான்களைப் பைத்தான் ஸ்கிரிப்ட்டில் நீங்களே எழுதித் தர வேண்டியிருந்தது. அதற்கு நன்றி. 4.0இலிருந்து பெயர் வைத்த எலும்புக் கலெக்‌ஷன்கள் வந்துவிட்டன, 4.1இலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகவும் அடுக்கலாம். மறைக்கவும் காட்டவும் மட்டும் வேண்டுமென்றால் ஸ்கிரிப்ட்டே தேவையில்லை. ஸ்கிரிப்ட் இருந்தே ஆக வேண்டுமானால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: கோப்புக்குள் இருக்கும் பைத்தானை பிளெண்டர் தானாக ஓடவிடாது, அனுமதி கொடுத்தால்தான் உங்கள் பேனல் வரும். அது தெரியாமல் “பேனலே இல்லையே” என்று தேடுகிற புதியவர்கள் ஒவ்வொரு புராஜெக்டிலும் இருக்கிறார்கள்.

முகத்துக்கு வருகிறேன். 2003இல் ஜேசன் ஒசிபாவின் ‘ஸ்டாப் ஸ்டேரிங்’ புத்தகம் வந்த பிறகு, சதுரத்துக்குள் ஒரு குமிழை நகர்த்தும் ஸ்லைடர்களை முகத்துக்குப் பக்கத்தில் பலகையாக வைப்பது பரவியது. குமிழ் மேலே போனால் புன்னகை, கீழே போனால் வாட்டம். இன்று பலர் அதைப் பழசு என்று தள்ளி, எல்லாவற்றையும் முகத்தின் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள். உதட்டைச் சுற்றி எட்டு, இமைக்கு ஆறு, புருவத்துக்கு நாலு. முகத்தைக் கண்ட்ரோல்களே மூடிக்கொண்டால் நான் எந்த முகபாவத்தைப் பார்த்து வேலை செய்வது? ஷிஃப்ட்-ஆல்ட்-இசட் அழுத்தி எல்லாக் கோட்டையும் மறைத்து முகத்தைப் பார்க்கிறேன், மறுபடி அழுத்தி ஒன்றைப் பிடிக்கிறேன், மறுபடி மறைக்கிறேன். பேச்சுக்கான வாயசைவும் பெரிய பாவங்களும் பலகையில் இருக்கட்டும். கேமராவில் ஒட்டிக்கொள்ளும் பலகையாக இருந்தால் இன்னும் நல்லது. முகத்தின் மேல் நுண்திருத்தங்கள் மட்டும், அதுவும் முதலில் மறைந்த நிலையில். இதற்கு எதிர்க்கருத்து உள்ள அனிமேட்டர்கள் என் பக்கத்து மேஜையிலேயே உண்டு. அவர்களும் உங்களுக்கு எழுதட்டும்.

“கண்ட்ரோலே இல்லாமல் போகும் காலம் வந்துவிட்டதே, இதற்கு எதற்கு இத்தனை பாடு?” என்று ஒருவர் கேட்டார். அவர் சொன்னது டிரீம்வொர்க்ஸின் பிரீமோ. 2014இல் வந்த ‘ஹவ் டு டிரெய்ன் யுவர் டிராகன் 2’ படத்தில் அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஸ்டைலஸ் பேனாவால் கதாபாத்திரத்தின் உடம்பையே தொட்டு நகர்த்தலாம். கையைத் தொட்டால் கை, புருவத்தைத் தொட்டால் புருவம். அருமையான விஷயம், ஆனால் ஒரு பெரிய ஸ்டுடியோ தனக்காகச் செய்துகொண்ட மென்பொருள் அது. அங்கேகூட, உடம்பின் எந்தப் பகுதியைத் தொட்டால் எது பிடிபட வேண்டும், பிடிபடுவதற்கு முன்னால் அது எப்படிக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். கோடு போனாலும் அந்த வேலை போகவில்லை.

இனி கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ரிக்கை ‘ஃபைனல்’ என்று பெயர் மாற்றுவதற்கு முன் ஒரு மணி நேரம் எடுத்து, அந்தக் கதாபாத்திரத்தை இதுவரை பார்க்காத ஓர் அனிமேட்டரிடம் கொடுங்கள். ஒரு போஸ் சொல்லுங்கள்: ஒற்றைக்காலில் நின்று, மற்ற காலின் குதிகாலை எதிர்க்கையால் பிடித்துக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்க்கிறது. பின்னால் நின்று பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள். “அது இல்ல, பக்கத்துல இருக்கறது” என்று சொல்லத் துடிக்கும், சொல்லாதீர்கள். அவர் கை எந்தக் கண்ட்ரோலுக்கு முன்னால் தயங்கியது, எதைத் தப்பாகப் பிடித்துக் கண்ட்ரோல்-இசட் போட்டது, எதற்காகக் கேமராவைச் சுற்றிச் சுற்றி வந்தது என்று மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்தக் காகிதத்தில் இருப்பதை மட்டும் திருத்தி அனுப்பினால் போதும்.

அன்புடன்,
ஓர் அனிமேட்டர்

பி.கு.: விட்ஜெட் மெஷ்கள் இருக்கும் கலெக்‌ஷனை வியூபோர்ட்டில் மறைத்தால் மட்டும் போதாது, ரெண்டருக்கும் அணைத்துவிட்டு அனுப்புங்கள். விளிம்பு மட்டும் உள்ளவை எப்படியும் ரெண்டரில் வராது. பரப்பு உள்ளவை வரும். ஓர் இரவு முழுக்க ரெண்டர் ஃபார்மில் ஓடிய கிராமத்துத் தெருக் காட்சியைக் காலையில் திறந்தால், தேர் நிற்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்குச் சாம்பல் நிறப் பல்சக்கரம் ஒன்று பளபளப்பாக, நிழலோடு நின்றுகொண்டிருந்தது.